அக்காவின் அடுப்பின் மேல் நின்ற அம்மன்

வெள்ளம் வடிந்த வீட்டைச் சுத்தம் செய்யப் போகிறவன் என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் எடுத்துக்கொண்டு போனவை ஒரு குடையும் ஒரு பொட்டலம் வர்க்கியும். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. வர்க்கி அக்கா பிள்ளைகளுக்காக வாங்கியது. பொன்னேரி வருவதற்குள் பாதி தீர்ந்துவிட்டது. தின்றது எலி இல்லை.

அறுபதுகளின் கடைசி அது. திருவள்ளூரில் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோர்த்துக்கொண்டிருந்தேன். காலையில் கும்பாபிஷேகப் பத்திரிகை, மத்தியானம் கடவுள் இல்லை என்று கூட்ட நோட்டீஸ். இரண்டுக்கும் அதே எழுத்து, அதே மை. நான் நோட்டீஸ் கட்சி. கறுப்புச் சட்டை ஒன்றும் வைத்திருந்தேன். கொள்கை ஒரு காரணம், மைக்கறை தெரியாது என்பது இன்னொரு காரணம். எது முதலாவது என்று எனக்கே தெளிவில்லை.

அக்காவைக் கொடுத்திருந்தது ஆரணியாற்றங்கரையில், கவரப்பேட்டைக்கு இந்தாண்டை ஒரு சின்ன ஊரில். மாமா கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் மூட்டை தூக்குபவர். நெல் மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு பலகை மேல் ஏறும்போது வாயிலிருக்கும் பீடி ஆடாது. அவ்வளவு பலம். ஆனால் யாராவது குரலை உயர்த்திப் பேசினால் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வார். அவ்வளவு தைரியம்.

அந்தக் கார்த்திகையில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் புகுந்துவிட்டது. அக்கா பிள்ளைகளோடு மேட்டுப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள் என்று தகவல் வந்ததும் கிளம்பினேன். பொன்னேரியோடு ரயில் நின்றது. பாலத்தைச் சோதிக்கிறார்களாம். தடை ரயிலுக்குத்தானே, எனக்கில்லையே என்று தண்டவாளத்தோடு நடந்தேன். கீழே ஆறு காப்பி நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நடுப்பாலத்தில் ஒருமுறை “அம்மாடி” என்று சொல்லிவிட்டேன். கூப்பிட்டது பெற்ற தாயை, வேறு யாரையும் இல்லை என்று உடனே எனக்கு நானே விளக்கமும் கொடுத்துக்கொண்டேன்.

அக்கா வாசலில் முழங்கால் சேற்றில் நின்று மம்பட்டியால் வெட்டிக்கொண்டிருந்தாள். புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது; குடையைப் பார்த்ததும் வாய் மலர்ந்தது.

“இன்னாடா, மாப்ள அழைப்புக்கு வந்தா மாதிரி குடைய புடிச்சிகினு வர? அந்த கூடைய எடு.”

“அக்கா, சாப்ட்டியா?”

“சேத்ததான் ரெண்டு நாளா துன்னுகினு கீறேன். எடுடா கூடைய.”

எடுத்தேன். அக்கா வெட்டிப் போட, மாமா அள்ள, நான் சுமந்து போய்த் தெருவில் கொட்ட வேண்டும். மாமாவுக்குக் கூடை ஒரு விளையாட்டுச் சாமான். எனக்கு முதல் கூடையிலேயே இடுப்பு பிடித்துக்கொண்டது. எழுத்துக் கோர்ப்பவனுக்குத் தூக்கிப் பழக்கமான பெரிய பாரம் ஒரு ‘ஸ்ரீ’தான்.

வீடு என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். முன்னால் ஓர் அறை, அதற்குப் பின்னால் ஓலை வேய்ந்த சமையல்கட்டு. சுவரெல்லாம் மண். அந்தச் சுவரை எழுப்பும்போது அக்காவே மண் மிதித்தவள், அதுவும் மூத்தவனை வயிற்றில் வைத்துக்கொண்டு. அதனால் எந்தச் சுவர் என்ன நிலைமையில் இருக்கிறது என்று அவளுக்குத் தொட்டுப் பார்க்காமலே தெரியும். முன்னறையைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. கவலை முழுக்கச் சமையல்கட்டின் பின்சுவரைப் பற்றித்தான்.

“உள்ள சேறு சேந்துகினு அத வெளிய தள்ளுது. வெளிய பாத்தியா, ஆறு அரிச்சிகினு போயி பள்ளமா கீது. இன்னிக்கு நாளைக்குள்ள உள்சேத்த வாரிட்டு, வெளிய ஒரு பனமரத்த முட்டு குடுத்துட்டா நிக்கும். இல்லன்னா குந்திக்கும்டா. மண்ணு செவுரு விழாது. குந்திக்கும்.”

சுவர் போனால் ஓலைக் கூரையும் இறங்கிவிடும். மழைக்காலத்தில் புதுச்சுவர் எழுப்ப முடியாது, தை பிறந்து வெயில் ஏற வேண்டும். அதுவரை பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே சமைப்பது? பள்ளிக்கூடத்தையும் திறந்துவிடுவார்கள். அக்காவுக்கு உலகத்தில் அப்போது வேண்டியிருந்தது அந்த ஒரு சுவர்தான்.

முன்னறையை ஓரளவு வழித்துவிட்டு உள்கதவுக்கு வந்தோம். சேறு அடைத்துக்கொண்டு கதவு அசையவில்லை. மாமா தோளைக் கொடுத்துத் தள்ளினார். ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தது. அக்காதான் முதலில் தலையை நீட்டினாள். நீட்டியவள் சத்தம் போட்டாள்.

“யாருடி நீ? என் அடுப்பு மேல இன்னா பண்ற?”

நானும் எட்டிப் பார்த்தேன். பின்சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, அடுப்பு இருந்த இடத்தில், சேற்றில் இடுப்புவரை புதைந்து ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். மரச்சிலை. ஏதோ ஓர் ஊரின் அம்மன். பக்கக் கதவைப் பிய்த்துக்கொண்டு வந்த வெள்ளம் அவளையும் கொண்டுவந்து நிறுத்தி, அந்த வழியைச் சேற்றாலும் செத்தையாலும் அடைத்துவிட்டு வடிந்திருந்தது. பூசியிருந்த வர்ணமெல்லாம் கழுவிப் போய், ஆயுதம் பிடித்திருந்த கை வெறும் ஓட்டையாக இருந்தது. கிரீடத்தில் ஆகாயத்தாமரைக் கொடி சுற்றியிருந்தது. கண் மட்டும் போகவில்லை. நன்றாக வெள்ளையாக, விழித்துக்கொண்டிருந்தது.

மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். “தாயே” என்றார். அடுத்த நொடி அந்த மனிதரைக் காணோம். அக்கா கல்யாணமான நாளாக மாமா ஓடி நான் பார்த்ததே இல்லை.

“போச்சு,” என்றாள் அக்கா. “தமுக்கு போயிட்சி. வாய மூடிகினு இருந்தா நாமளே தூக்கி பக்குவமா கோயிலாண்ட வெச்சிட்டு வந்திருக்கலாம். இனிமே நம்ம ஊட்டுக்குள்ள நாம டிக்கெட் வாங்கிகினுதான் வரணும்.”

அவள் சொன்னது பலித்தது. கொஞ்ச நேரத்தில் ஊரே சேற்றை மிதித்துக்கொண்டு வந்து நின்றது. அவரவர் வீட்டில் சேறு அப்படியே கிடக்க, எல்லாரும் அக்கா வீட்டில். முன்னால் பெரியதனக்காரர். ஊருக்கு மூத்தவர், அவர் வைத்ததுதான் அங்கே சட்டம். சிறிசு பெரிசு எல்லாரும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் உள்ளே எட்டிப் பார்த்து, கும்பிட்டு, திரும்பி, தீர்ப்புச் சொன்னார்.

“இவ்ளோ ஊடு இருக்கசொல்ல இந்த ஊட்டுக்கு வந்து கீறான்னா சும்மா இல்ல. எந்த ஊரு தாயின்னு தெரியணும். மேலாண்ட ஊருங்களுக்கு ஆளு அனுப்பணும். அது வரைக்கும் யாரும் கை வெக்கக் கூடாது.”

“நைனா,” என்றாள் அக்கா, “கை வெக்கல. சேத்த மட்டும் வாரிக்கிறோம்.”

“அம்மன் ஊட்டுல குந்திகினு இருக்கசொல்ல மம்பட்டி புடிப்பியா? தொடப்பம் எடுப்பியா? விருந்தாளி வந்தாலே பெருக்க மாட்டோமேம்மா.”

“விருந்தாளின்னா சொல்லிட்டு வருவாங்க நைனா.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பெரியதனக்காரர் சிரிக்கவில்லை. மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆக, மம்பட்டி, கூடை, துடைப்பம் மூன்றும் வாசலோடு நின்றன. என் இடுப்பு கொஞ்சம் சந்தோஷப்பட்டது என்பதை மறைக்கமாட்டேன். சேறு வெயிலில் இறுக ஆரம்பித்தது. அக்கா பின்பக்கம் போய்ச் சுவரைப் பார்ப்பதும், முன்பக்கம் வந்து என்னைப் பார்ப்பதுமாக இருந்தாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் குடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் பள்ளிக்கூடத்தில் கஞ்சி ஊற்றுகிறார்கள் என்று கூட்டம் கலைந்தது. பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்க மாமாவும் போனார். வீட்டில் அக்கா, நான், அப்புறம் அவள்.

அக்கா என் சட்டையைப் பிடித்துச் சமையல்கட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

“நீதான் சாமியே இல்லன்னு மேடையில பேசறவனாச்சே. தூக்கு.”

“மேடையில எங்கக்கா பேசினேன்? கீழ நின்னு கை தட்டுவேன்.”

“கை தட்டற கைதான? தூக்கு. கோயில் வேப்பமரத்தாண்ட வெச்சிட்டு வந்துடு. அவங்க வந்து கேட்டா, அம்மனே எய்ந்து போச்சின்னு நான் சொல்லிக்கிறேன்.”

குனிந்தேன். தோள் இரண்டையும் பிடித்தேன். மரம்தான். ஈரமாக, ஜில்லென்று, எங்கள் அச்சகத்து மேசை மாதிரியே சாதாரண மரம். நிமிர்ந்து முகத்தைப் பார்த்ததுதான் தப்பு. அந்தக் கண்கள் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் இருந்த வேறு யாரையோ பார்த்துக்கொண்டிருந்தன. அது இன்னும் மோசம். என் கை தானாக விலகிக்கொண்டது.

“கால் நல்லா புதைஞ்சிருக்குக்கா.”

அக்கா மம்பட்டியை எடுத்து நீட்டினாள்.

“இடுப்பு வேற புடிச்சிகிட்டிருக்கு.”

“டேய்.”

“வர்ணமெல்லாம் போயிருக்கு, எங்கயாவது உடைஞ்சிட்டா ஊரு வம்பு.”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் தேவலை. களைத்துப்போய்ச் சொன்னாள்: “எனக்கு பயமாத்தான்டா கீது. நான் புள்ளைங்கள பெத்து வெச்சிருக்கவ. நான் தொட்டு, நாளைக்கு ஒண்ணுத்துக்கு ஜுரம் வந்தாகூட என்னாலதான்னு கெடந்து சாவேன். உனக்கு இன்னாடா பயம்?”

“எனக்கு அவ இல்லவே இல்லியே. இல்லாதவள எப்படிக்கா தூக்கறது?”

சின்ன வயதிலிருந்து என் அசட்டு ஜோக்குக்கெல்லாம் முதலில் சிரிக்கிறவள் அவள்தான். அன்றைக்குச் சிரிக்கவில்லை. மம்பட்டியைக் கதவோரம் சாத்திவிட்டு வெளியே போய்விட்டாள். நானும் அம்மனும் கொஞ்ச நேரம் தனியாக நின்றோம். இரண்டு பேருமே அங்கே ஒன்றும் செய்வதற்கில்லாமல் வந்து மாட்டிக்கொண்டவர்கள். அவளாவது வெள்ளத்தில் வந்தாள். நான் டிக்கெட் எடுத்து வந்தேன்.

கஞ்சி குடித்துவிட்டுக் கூட்டம் புதுத் தெம்போடு திரும்பியது. மேலாண்டை ஊர்களுக்குப் போன ஆள் பாதி வழியில் ரோடு இல்லை என்று திரும்பி வந்துவிட்டான். இனி அம்மனிடமே கேட்டுவிடலாம் என்று பெரியதனக்காரர் முடிவு செய்தார். ஈரப்பூவை அம்மனின் இரண்டு தோளிலும் ஒட்டிவைத்துவிட்டுக் காத்திருப்பது. வலப்பக்கப் பூ முதலில் விழுந்தால் கிளம்பச் சம்மதம். இடப்பக்கம் விழுந்தால் இங்கேதான் இருப்பேன் என்று அர்த்தம்.

“எடப்பக்கம் விழுந்தா?” என்று நான் கேட்டேன்.

“விழுந்தா இன்னா, இந்த எடத்துலயே ஒரு கொட்டாய் போட்டு கும்புட வேண்டியதுதான்,” என்றார் அவர்.

“இவங்க எங்க போறது?”

“தாயி பாத்துப்பா.”

பூ கேட்கும் முன் அம்மனைக் குளிப்பாட்ட வேண்டுமே. பெண்கள் வரிசையாகக் குடங்களோடு வந்தார்கள். மஞ்சள் தண்ணீர். ஒவ்வொருத்தியும் நேர்ந்துகொண்டு ஒரு குடம். முதல் குடம் அம்மன் தலையில் விழுந்து, முதுகோடு இறங்கி, நேராகச் சுவரின் அடியில் போய்ச் சேர்ந்தது. அக்கா பாய்ந்து போய்ப் பெரியதனக்காரர் எதிரில் நின்றாள்.

“நைனா, செவுரு ஊறிப்போயி கீது. தண்ணி ஊத்த வேணாம் நைனா. உங்கள கும்புட்டு கேக்கறேன்.”

“அம்மனுக்கு ஊத்தற தண்ணி செவுர இன்னாம்மா பண்ணும்?”

நான் உதவிக்கு வந்தேன். என் உதவி எப்படியிருக்கும் என்று இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். “அம்மன் வர்ற வழியெல்லாம் குளிச்சிகிட்டேதானே நைனா வந்தா? தலை துவட்டிவிட்டாப் போதாதா?” என்றேன். அவர் என் கறுப்புச் சட்டையை ஒரு பார்வை பார்த்தார். அதற்கப்புறம் ஊற்றிய குடங்களெல்லாம் கொஞ்சம் வேகமாகவே ஊற்றப்பட்டன. ஒரு குடத்தில் பாதி என் மேலும் விழுந்தது. கறுப்பில் மஞ்சள் தெரியாது என்று அன்றுதான் கண்டுகொண்டேன்.

“அப்ப வெளிய ஒரு முட்டாவது குடுங்க,” என்றாள் அக்கா. “பனமரம் கெடக்குது. நாலு பேர் புடிச்சா ஆச்சு.”

அதற்கும் ஒரு கிழவர் பதில் வைத்திருந்தார். “அம்மன் சாஞ்சிகினு கீற செவுரும்மா அது. பின்னால கழிய வெச்சி குத்தறதா? தாயி முதுகுல குத்தினா மாதிரி.”

அக்கா மாமாவைப் பார்த்தாள். தனியாளாகவே அந்தப் பனந்துண்டைத் தூக்கக்கூடியவர் அவர். அவர் கையில் விளக்கைக் கொடுத்து அம்மன் பக்கத்தில் நிறுத்திவைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் என்ற மரியாதை. விளக்கை விட்டுவிட்டு எப்படி வருவது என்று அவர் கண்ணாலேயே கெஞ்சினார். துண்டு எடுக்கவும் கை இல்லை; வியர்வை மூக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

அக்கா வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். பின்னாலேயே போனேன். அவள் அந்தப் பள்ளத்தில் இறங்கி, சுவரில் இரண்டு உள்ளங்கையையும் பதித்து, காலைப் பின்னால் ஊன்றித் தள்ளிக்கொண்டு நின்றாள். ஒரு சுவரை ஒரு பொம்பளை கையால் நிறுத்த முடியாது என்பது அவளுக்குத் தெரியாதா? நானும் பக்கத்தில் போய் நின்று தள்ளினேன். ஆற்றங்கரையில் இரண்டு பைத்தியங்கள்.

உள்ளே பம்பை அடித்தது. பிறகு நின்றது. பூ வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. பூ ஈரம், தோள் ஈரம்; எந்தப் பக்கமும் விழுந்திருக்காது. “சொல்லு தாயே” என்ற பெரியதனக்காரர் குரல் மட்டும் அவ்வப்போது சுவர் வழியாகக் கேட்டது. என் உள்ளங்கைக்குக் கீழே சுவர் தோசைமாவு மாதிரி நெகிழ ஆரம்பித்தது. மஞ்சள் தண்ணீர் அடியில் கசிந்து எங்கள் கால்விரல் நடுவே ஓடியது.

“அக்கா, இது...”

“தெரிது. நவுரு.”

நான் நகரவில்லை. வீரமில்லை, கால் சேற்றில் மாட்டிக்கொண்டிருந்தது. அக்கா என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் பக்கத்துக் கருவேலம் புதரில் போய் விழுந்தோம். திரும்பிப் பார்த்தபோது சுவர் குந்திக்கொண்டிருந்தது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. வேலை முடிந்து வந்த ஆள் பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்காருவதுபோல, மெதுவாக, அப்படியே வெளிப்பக்கம் இறங்கியது. அதன் மேலேயே சாய்ந்தபடி அம்மனும் வெளியே வந்து, வானத்தைப் பார்த்து மல்லாந்து படுத்தாள். கூரை ஒரு பக்கம் சரிந்து தொங்கியது. அந்த இடைவெளியில் மொத்த ஊரும் வாயைத் திறந்தபடி நின்றுகொண்டிருந்தது. மாமா இன்னும் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். அது அணையவில்லை.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அப்புறம் பெரியதனக்காரர் இரண்டு கையையும் தூக்கினார்.

“பூ எதுக்குடா? தானா எய்ந்து வந்துட்டா பார்ரா! செவுர தொறந்துகினு வந்துட்டாடா!”

பெண்கள் குலவையிட்டார்கள். ஆண்கள் சுவரின் மண் மேலேயே ஏறி மிதித்துக்கொண்டு வந்து அம்மனைத் தூக்கினார்கள். காலையிலிருந்து யாராலும் தொட முடியாதவளை இப்போது ஆளாளுக்குப் போட்டிபோட்டுத் தூக்கினார்கள். முன்தோள் மாமாவுக்கு. பம்பையோடு, கற்பூரத்தோடு, ஊர்வலம் ஆற்றங்கரையை விட்டு ஏறிக் கோயில் பக்கம் போனது. எந்தப் பக்கத்துப் பூ விழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். இரண்டும் மண்ணுக்குள் போயிருந்தன.

அக்கா உடைந்த இடத்தின் வழியாகவே சமையல்கட்டுக்குள் போனாள். அடுப்பு நசுங்கிக் கிடந்தது. சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவி ஓர் அலுமினியக் குண்டானை எடுத்தாள். தட்டிப் பார்த்தாள். ஓட்டை இல்லை. அதைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கும் ஒரு வேலை இருந்திருக்கும்.

“தைக்குத்தான் கட்ட முடியும், இல்லக்கா?”

“ம்.”

“நான் வந்து மண்ணு மிதிக்கறேன்.”

“நீ?” என்றாள். இந்தத் தடவை அவள் உதடு கொஞ்சம் கோணியது. சிரிப்பு என்று அதைச் சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் மாமா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். நெற்றி நிறையக் குங்குமம். கையில் தையல் இலையில் கோயில் பொங்கல். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. “நம்ம ஊட்டுக்குத்தான் வந்தா,” என்றார். “அத்தினி ஊடு இருக்குது, நம்ம ஊடுதான்.” வழியில் எல்லாரும் அவரிடம் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அவரை நான் குறை சொல்லமாட்டேன். வாழ்நாளெல்லாம் அடுத்தவன் மூட்டையைச் சுமந்த தோளுக்கு அன்றைக்குக் கிடைத்தது வேறு பாரம்.

அக்கா இலையை வாங்கிக்கொண்டாள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு உருண்டை, எனக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று. மிச்சத்தை அவள் வாயில் போட்டுக்கொண்டாள். அந்த வீட்டில் அன்றைக்கு வேறு சாப்பாடு கிடையாது. பொங்க அடுப்பும் கிடையாது.

“உப்பு கம்மி,” என்றாள்.

கிழக்கே மறுபடியும் மேகம் கட்டிக்கொண்டிருந்தது. அக்கா எழுந்து ஒரு பழம்புடவையை எடுத்துவந்து உதறி, சுவர் இருந்த இடத்துக்குக் குறுக்கே பிடித்தாள். ஒரு முனையை மூலைக் கம்பத்தில் இறுக்கிக் கட்டிவிட்டு, இன்னொரு முனையை என்னிடம் கொடுத்து, “அந்தாண்ட கட்டு” என்றாள். அந்தாண்டை போய்ப் பார்த்தேன். கட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை. காற்று புடவையை உள்ளே தள்ளியது, வெளியே இழுத்தது. நான் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.